சந்தா டின்

வேலிக்கு அந்தப் பக்கம் மறுபடியும் நெய் காய்ந்தது.

சந்திரமதி அடுப்பில் இருந்த மரவள்ளிக்கிழங்கை மறந்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நெய்தான். கூடவே முந்திரிப் பருப்பு. ரப்பர் விலை விழுந்து, பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருடைய சம்பளத்திலும் துரைமார் கை வைத்திருந்த காலம் அது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டிலேயே கிழங்கு வேகும்போது டிரஸர் வீட்டில் மட்டும் முந்திரி வறுபடுவானேன்? அவளுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல.

"இன்னைக்கு என்ன விசேஷம் செல்வராணி?" என்று செம்பருத்தி வேலிக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒட்டின வீட்டில் இருந்த, அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர் மூர்த்தியின் மனைவி செல்வராணி கரண்டியோடு சிரித்தாள்.

"ஒன்னும் இல்லக்கா. சும்மா கொஞ்சம் கேசரி."

கேசரியைக்கூட மன்னித்திருப்பாள். அந்தச் 'சும்மா'வைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயந்திரம் அவள் கணவர் கிராணி தங்கராஜு ஆபீஸிலிருந்து வந்தபோது, சமையலறைப் பலகையில் காலிப் பால் டின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"இனிமே மாசச் சம்பளம் மொத்தமும் இதுக்குள்ளதான். அரிசிக்கு ஒன்னு, மண்ணெண்ணெய்க்கு ஒன்னு. டின்ல இருக்கிறதுக்கு மேல ஒரு காசு செலவு கிடையாது. மிச்சமெல்லாம் அட்டிகை டின்னுக்கு."

"காப்பி டின் எங்க மதி?"

"காப்பி தேவையில்லாத செலவு."

"சுருட்டு?"

"அதுவுந்தான்."

செகாமட் டவுன் நகை ஆசாரியிடம் சிவப்புக்கல் அட்டிகை ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அதைப் பார்த்துச் செல்வராணி ஒரு நிமிஷமாவது வாயடைத்து நிற்க வேண்டும். சந்திரமதி அம்மனிடம் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து காப்பிக்குப் பதில் வறுத்த சோளத்தைப் பொடித்துக் கொதிக்க வைத்தாள். தங்கராஜு ஒரு வாய் குடித்தார். பிறகு வெகுநேரம் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு செய்தியோடு வந்தார்.

"மதி, நாங்கெல்லாம் ஒரு சங்கம் வச்சிருக்கோம். இன்னும் சம்பளத்த வெட்டாம இருக்க தொரைகிட்டப் பேசணும்ல? ஆஸ்பத்திரிப் பின்னறைலதான் தெனமும் கூட்டம். மாசம் ரெண்டு வெள்ளி சந்தா."

"பேசினா சம்பளம் கூடுமா?"

"பேசலைன்னா கொறையும்."

பலகையில் சந்தா டின் ஒன்று ஏறியது. அதை ஈடுகட்ட டோபியை நிறுத்தினாள். தானே துவைத்ததில் நீலம் கொஞ்சம் கூடிவிட்டது.

"அண்ணன் சட்டை என்னக்கா, வானம் மாதிரி இருக்கு?" என்றாள் செல்வராணி. அவள் உடம்பில் புதுச் சேலை.

சந்திரமதி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாலையும் குறைத்தாள்.

"ஒரு போத்தல்லேந்து கால் போத்தலாம்மா?" என்று பால்கார ஐயாசாமி புலம்பினான். "என் மாடு என்ன நெனைக்கும்?"

சந்தா மூன்று வெள்ளியாயிற்று. துரை பிடிவாதமாக இருக்கிறாராம். பேசிப் பேசித் தங்கராஜுவுக்குப் பசியே அடங்கிவிட்டது. கூட்டம் முடிந்து வந்தால் கிழங்கைத் தொடுவதில்லை. ஆனாலும் அவருடைய கால்சட்டைப் பொத்தான் ஒருநாள் தெறித்து விழுந்தது. சோளத்தில் இவ்வளவு சத்தா என்று சந்திரமதி ஆச்சரியப்பட்டாள்.

டிரஸர் வீட்டுக்கோ புதுத் திரைச்சீலை வந்தது. பெரிய பித்தளை அண்டா வந்தது. காலையில் கேசரி என்றால் மாலையில் வடை. வேலிக்கு அப்பால் சட்டி சலசலக்கும் போதெல்லாம் சந்திரமதியின் நெஞ்சிலும் ஏதோ பொரிந்தது.

பணத்தில் ஜெயிக்க முடியாவிட்டால் பெயரிலாவது ஜெயிக்க வேண்டும். தோட்டத்து வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் மனைவி ராஜம்மாவையும், மற்ற உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து டின்களைக் காட்டினாள்.

"குடும்பம்னா கணக்கு வேணும். சில பேரு மாதிரி நெய்ய ஊத்தி ஊதாரித்தனம் பண்ணலாமா?" என்று வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உரக்கக் கேட்டாள்.

யாரைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஒரே மாதத்தில் வீட்டுக்கு வீடு சோளக் காப்பி. வீட்டுக்கு வீடு சந்தா டின்னும்தான்.

"எங்க வீட்டுக்காரரும் சங்கத்துல சேந்துட்டாருக்கா" என்றாள் ராஜம்மா. "உங்க வீட்டு அண்ணனத்தான் தலைவராப் போட்டிருக்காங்களாம்!"

சந்திரமதி அந்தக் கணமே வேலிக்கு ஓடினாள்.

"எங்க வீட்டுக்காரரு இப்ப சங்கத் தலைவரு, தெரியுமா?"

"தெரியாம என்னக்கா! அவரப் போடாம வேற யாரப் போடுவாங்க?" என்று செல்வராணி மனசாரச் சொன்னாள்.

அவள் முகத்தில் பொறாமை ஒரு பொட்டுகூட இல்லை. சந்திரமதிக்கு அதுவே பெரிய அவமானமாக இருந்தது.

திருவிழாவும் வந்தது. அட்டிகை டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் அட்டிகையின் கொக்கிக்குத்தான் காணும். கழுத்தில் பழைய சங்கிலியோடு கோயிலுக்குப் போனாள். அம்மன் சந்நிதியில் கூட்டம் விலகி யாருக்கோ வழி விட்டது.

வந்தது செல்வராணி. கழுத்தில் சிவப்புக்கல் அட்டிகை. அதே ஆசாரி, அதே அட்டிகை.

வாயடைத்து நின்றது சந்திரமதிதான். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட மறந்து வெளியே வந்தாள். தண்ணீர்ப் பந்தலில் ஐயாசாமி மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். பால் குறைத்தவளைப் பார்த்தும் அவன் முகம் மலர்ந்தது. இடுப்பில் புது ஜரிகை வேட்டி.

"ஐயாசாமி, நீயே நியாயத்தச் சொல்லு" என்று அவனிடம் கொட்டித் தீர்த்தாள். "தோட்டமே வாயக் கட்டி வயித்தக் கட்டி இருக்கு. அவளுக்கு மட்டும் எங்கேருந்து வருது பணம்?"

ஐயாசாமி மோர்க் குவளையை அவளிடம் இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான்.

"என்னம்மா தெரியாத மாதிரி கேக்குறீங்க? சந்தாப் பணத்த வாங்கிக்கிட்டு, சங்கத்துக்குத் தெனமும் நான் ஊத்துற பால்ல காப்பி, அப்புறம் கேசரி, வடைன்னு ஆக்கிப் போடுறது அவங்கதானே? வீட்டுக்கு வீடு காப்பிய நிறுத்தி அத்தன பேரையும் சேத்துவிட்டது நீங்கன்னுதானே ஐயாவத் தலைவராவே போட்டாங்க!"