சுவரை விட்டு இரண்டடி

அன்று காலை தறிச் செட்டிலிருந்து வீடு திரும்பும்போதே கஜபதி முடிவு கட்டிவிட்டான். இன்றைக்கு அந்த முல்லைக் கொடியா, நானா, பார்த்துவிடுவது.

ராத்திரி ஷிப்டுக்காரனுக்குப் பகல் தூக்கம்தான் சொத்து. அந்தச் சொத்தில் கை வைத்தது மனைவி புவனாவின் தோட்டம். படுக்கிற அறையின் சுவரை ஒட்டியே கொடி, ஒட்டியே அரளி, ஒட்டியே ஏழெட்டுத் தொட்டி. அவள் ஊற்றிய தண்ணீரையெல்லாம் சுவர்தான் குடித்தது. விரல் வைத்தால் வெந்த இட்லி மாதிரி உள்ளே போனது. ஜன்னல் நிலையில் கரையான். கொடி வழியாக வந்த செவ்வெறும்புகள், தணிகை மலைப் படித் திருவிழாக் கூட்டம் போல வரிசை தவறாமல் அவன் முதுகில் ஏறி இறங்கின.

"புவனா, கொடியை எடுத்துடு. சுவரு அழுகிகினு வருது."

"கொடிதான் பாவா சுவத்தைத் தாங்கிகினு கீது. எடுத்தா வுழுந்துடும்."

"கரையான் நிலையைத் தின்னுது!"

"தின்னட்டும். அதுங்களுக்கு யாரு ஆக்கிப் போடறாங்க?"

"எறும்பு கடிக்குதுடி!"

"என்னை ஒண்ணும் கடிக்கலியே. எதுக்கும் நீங்க ஒரு வாட்டி சுகர் பாத்துட்டு வந்துடுங்க."

கொத்தனார் சுந்தரமூர்த்தியைக் கூட்டிவந்து சொல்ல வைத்தான். "செடிக்கும் சுவத்துக்கும் ரெண்டடி இடம் வுடும்மா. காத்தும் வெயிலும் பட்டாத்தான் சுவரு காயும்."

"நீங்க கட்டுன வூட்ல எது மழைக்கு ஒழுகல, அதைச் சொல்லுங்க மொதல்ல," என்றாள் புவனா. கொத்தனார் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மனிதர்களால் ஆகாது என்று தெரிந்தது. தணிகையில் குடியிருப்பவனுக்கு மேலிடத்துச் சிபாரிசுக்கா பஞ்சம்?

மறுநாள் சாயங்காலம் "முருகா!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். புவனா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கனவுல வந்தாரு புவனா. மயிலோட வந்தாரு. கொடியைச் சுவத்தை வுட்டு ரெண்டடி தள்ளி நடு, பந்தல் போட்டு ஏத்து, தொட்டிங்களையும் நகத்துன்னாரு."

"ரெண்டடின்னு அளவு கூடவா சொன்னாரு?"

"கையில இருந்த வேலாலயே அளந்து காமிச்சாரு!"

புவனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். கஜபதிக்கு உள்ளுக்குள் லேசாகக் குத்தியது. ஆனால் எறும்பு அதைவிட அதிகமாகக் குத்தியிருந்ததால் பொறுத்துக்கொண்டான்.

அவளே முன்னின்று கொடியைக் கழித்துவிட்டாள். அவன் வேரை மண்ணோடு பெயர்த்து இரண்டடி தள்ளி நட்டான். மூங்கில் ஊன்றிப் பந்தல் போட்டான். தண்ணீர் சுவர் பக்கம் வராதபடி மண்ணைச் சரித்துவிட்டான். ஆனி வெயில் சுவரைக் காயவைத்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். எறும்பு போயிற்று, கரையானுக்கு மருந்து வைத்தாயிற்று. அறை குளுகுளுவென்று இருந்தது. கஜபதி பகலெல்லாம் கட்டை மாதிரி தூங்கினான். சாமியையே ஏமாற்றி ஜெயித்தவன் இந்தப் பூமியில் தான் ஒருவன்தான் என்று சிரித்துக்கொண்டே தூங்கினான்.

ஆடி பிறந்தது. ஒரு காலை அவன் வேலை முடிந்து வந்தபோது, தட்டில் மஞ்சள் வேட்டியும் சந்தன மாலையும் வைத்துக்கொண்டு புவனா வாசலில் நின்றாள். பக்கத்தில் எதிர்வீட்டுத் தாயாரம்மாள், சாட்சிக்கு.

"யாருக்கு இது?"

"இன்னா பாவா இப்படிக் கேக்கறீங்க? சாமியே கனவுல வந்த வூட்டு ஆம்பளை கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்க வேணாமா?"

"எடுக்காட்டி குத்தமாயிடும் நைனா," என்றாள் தாயாரம்மாள்.

"அது... கனவுன்னா... சும்மா..."

"சும்மாவா?" புவனாவின் முகத்தில் பால் வடிந்தது. "அப்ப கொடியைத் திரும்பச் சுவத்தாண்டயே நட்டுடலாங்களா?"

கஜபதி கழுத்தை நீட்டினான். மாலை விழுந்தது. அவ்வளவுதான், பாவா சாமியாகிவிட்டான். கறி போச்சு, பீடி போச்சு. இருக்கவே இருக்கிறது தூக்கம் என்று அறைப் பக்கம் திரும்பினான்.

"மாலை போட்டவங்க பகல்ல தூங்கக் கூடாதுங்க சாமி."

"ராத்திரி ஷிப்டுக்காரன் பகல்ல தூங்காம எப்பதான்டி தூங்கறது?"

"செட்டு முதலாளியம்மாவைப் பாத்துப் பேசிட்டேன். இன்னிக்கு ஓய்வு. நாளையில இருந்து உங்களுக்குப் பகல் ஷிப்ட். கிருத்திகை முடிஞ்சும் அப்படியே இருக்கட்டும்னுட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "எத்தினி வருசமா ராத்திரியில தனியாப் படுத்துகினு கீறேன். பூனை குதிச்சாகூடத் திக்குங்குது."

கஜபதி அவள் பக்கம் திரும்பினான். "இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லாமயா இருந்தேன்? தறிச் சத்தத்துல உங்க காதுல ஒண்ணும் வுழறதில்ல."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அறைக் கதவை மெல்லத் திறந்தான். காய்ந்த சுவரோரம், அவன் கட்டிலில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு புவனா படுத்திருந்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க சாமி," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இப்பத்தான் இந்த ரூம்ல நல்லாத் தூக்கம் வருது."