ஐந்து மணிக்கு வந்து சேரும் மதியச் சாப்பாடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நலம் கைவசம் இல்லாததால் ஆவலை மட்டும் அனுப்புகிறேன்.

உன் அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன், நாள் கணக்கில் தவற மாட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் என் வயிறு. பன்னிரண்டே முக்காலுக்கு இன்சுலின் ஊசி, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று நான் மணி தவறுவதில்லை. ஊசி சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. சாப்பாடோ, டீ குடிக்கப் போன டிரைவரைப் போல வயிற்றிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு மணிக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கி, கைகால் நடுங்கி, அறையே மெல்ல மிதக்கத் தொடங்கும். ஐந்து மணிக்கு மதியச் சாப்பாடு சாவகாசமாக வந்து சேரும். சர்க்கரை முந்நூறைத் தாண்டும். உன் அக்கா சர்க்கரை மானியில் பார்ப்பது அந்த ஐந்து மணியை மட்டும்தான்.

"எங்க ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்க?"

"சத்தியமா ஒண்ணும் திங்கலைம்மா."

"அப்ப இது என்ன, காத்துலேர்ந்து வந்துச்சா?"

டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பல வருஷச் சர்க்கரையில் வயிற்று நரம்பு சோர்ந்து, செரிமானம் மந்தமாகிவிட்டதாம். ஊசி போடும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள் என்றார். வந்து சொன்னால், "அவரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டீங்களா?" என்கிறாள். சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். அழுகையே வந்துவிட்டது, மைத்துனா. வராத பஸ்ஸை வந்ததாக நான் ஒருநாளும் எழுதியதில்லை.

இதோ, இப்போதும் அறை மிதக்கிறது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் புறப்படுகின்றன. தலையணைக்குக் கையசைத்து வழிவிட்டேன். சுவர்க் கடிகாரம் மஞ்சள் வெயிலில் ஊறிக் கிடக்கிறது. முள் தெரிகிறது, மணி தெரியவில்லை. சுகமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வாசலில் அவள் செருப்பைக் காணோம். எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பி வை. எந்த பஸ்ஸில் வந்தாலும் ஸ்டாண்டில் நிற்பேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் வயிறு என்றும் நேரம் தவறாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே அவள் கோபித்துக்கொண்டு போனதாக உள்ளதை நம்பாதே, சர்க்கரை இறங்கிய மயக்கத்தில் எழுதியது. உன் அக்கா உன் வீட்டுக்கு வரவே இல்லை. சாப்பாடு போட்டுவிட்டு, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நான் தலையணைக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேனாம். குத்திப் பார்த்தால் சர்க்கரை ஐம்பத்து நாலு. அலமாரிச் சாவி கைக்குக் கிடைக்கவில்லை. தான் போட்ட பூட்டைத் தானே சுத்தியலால் உடைத்து, சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினாள். "நான்தானே வயிறு நிறையப் போட்டேன், ஒரு மணி நேரத்துல இப்படி இறங்கிடுச்சே... உங்களைப் போய்த் திருடன்னு சொல்லிட்டேனே" என்று ஒரே அழுகை. நாளைக்கு டாக்டரிடம் அவளும் வருகிறாள்.

கடிதத்தையும் படித்துவிட்டாள். போய் வந்தது அரை மணி நேரம்தானாம். பதினோரு நாளை அடித்துத் திருத்தப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "அது அப்படியே இருக்கட்டும்" என்கிறாள்.