டேப் தம்பியின் நாலாவது வைத்தியம்

நூலகத்துக் கம்ப்யூட்டர் அன்றைக்கும் சரியாக ஒன்றேகாலுக்கு நின்றுவிட்டது. வரிசையில் பதினோரு பேர் கையில் புத்தகத்தோடு காத்திருந்தார்கள்.

"தம்பி, மறுபடியும் நின்னுடுச்சுப்பா" என்றார் கவுன்ட்டர் அக்கா.

தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. பைண்டிங் பிரிவில் பசை கிண்டிக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு வாரப் பயிற்சியில் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஆனவர். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவரும் அவர்தான், பாவம். உறுப்பினர் பட்டியல் இருக்கும் டிஸ்க்கும், அதை நகலெடுக்கப் புதிதாக வந்த டேப் மெஷினும் ஒரே கேபிளில் தொங்கின. ஒன்றேகாலுக்கு டேப் தானாக ஓட ஆரம்பித்ததும் இரண்டுக்கும் இழுபறி. நடுவில் கம்ப்யூட்டர், சம்பந்தி சண்டையில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி வாயடைத்து உட்கார்ந்துவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா நீங்க பசைக்கே திரும்பிடலாம்" என்று தலைமை நூலகர் சொல்லிவிட்டார். தம்பியின் மனைவி எதிர்வீட்டில், "எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ஆபீசர்" என்று சொல்லிவைத்து ரொம்ப நாளாயிற்று.

கேபிளில் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். தம்பி டேப்பின் எண்ணை மாற்றினார். மாற்றியது டிஸ்க்கின் எண்ணாகவே போய்விட்டது. டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர்.

கேபிளின் முனையில் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி இருக்க வேண்டும். முனையில் ஒன்று இருந்தால் நல்லது, நடுவில் இன்னும் இரண்டு இருந்தால் ரொம்ப நல்லது என்பது தம்பியின் கணக்கு. மத்தியானம் மட்டும் நின்ற கம்ப்யூட்டர் காலையிலேயே நிற்கத் தொடங்கியது.

இரண்டும் இடிக்காமல் தாராளமாக இருக்கட்டும் என்று நீளமான கேபிள் வாங்கி மாட்டினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றது.

"முன்னாடி நாளைக்கு ஒரு தடவதானே நின்னுச்சு?" என்றார் அக்கா.

"வைத்தியம் பண்ணா முதல்ல ஏறித்தான்கா இறங்கும்."

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பிரித்து, எண்ணைத் திருத்தி, உபரி மூடிகளைக் கழற்றி, பழைய கேபிளையே திரும்ப மாட்டினார். கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். டேப் மெஷினில் அன்றைய கேசட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டு மணிக்கு வந்து, "நின்னுச்சாக்கா?" என்றார்.

அக்கா அவருடைய கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இல்லப்பா. நல்லா ஓடுது."

மூன்று வாரம் கம்ப்யூட்டர் நிற்கவேயில்லை. தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. டேப் ஓடியதா என்று தினமும் ஒரு ரிப்போர்ட் பதிவாகும். அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரிபண்ணின ஆளுக்கே ரிப்போர்ட்டா?

தலைமை நூலகர் பெருமை தாங்காமல் மற்ற கிளை நூலகர்களைக் கூட்டிவந்தார். அதில் ஒருவர், "பட்டியல் அழிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அழிச்சே காட்டறேன்" என்றார் தம்பி.

அழித்தார். மூவாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள், யார் கையில் எந்தப் புத்தகம் என்ற விவரம், எல்லாம் ஒரு விரல் அழுத்தத்தில் போயிற்று. தம்பி புன்னகையோடு, கிழமைக்கு ஒன்றாக வைத்திருந்த கேசட்டுகளில் திங்கட்கிழமை கேசட்டைச் செருகினார்.

காலி. செவ்வாய், காலி. வெள்ளி வரைக்கும் ஐந்தும் காலி. புன்னகை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"பசை வாளி அங்கயேதான் இருக்கு" என்றார் தலைமை நூலகர்.

தம்பி கவுன்ட்டருக்கு ஓடினார். "அக்கா, தினமும் டேப் ஓடினத நீங்க பார்த்தீங்கதானே?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமையும் நின்னுதான்பா போச்சு, நான்தான் அணைச்சு மறுபடி போட்டேன். விரல்ல கட்டோட வந்து கேட்டியா, சொல்ல மனசு வரல. டேப் ஓடினாதானே அது நிக்குது? அதான் தினமும் நீ சாப்பிடப் போனதும் கேசட்ட உருவி என் டிராயர்ல வெச்சுட்டு, நீ வர்றதுக்குள்ள திருப்பிச் சொருகிடுவேன்."