மாமியாரைப் பார்க்க மாமியாரைக் கூட்டிப்போனது

லியூப்லியானா,
வியாழக்கிழமை காலை.

பிரியமுள்ள மச்சான் ராதோவுக்கு, உன் அக்கா வித்காவின் கணவன் ஸ்லாவ்கோ எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் திராட்சைக் கொடிகளும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். நிற்க. வரும் சனிக்கிழமை நீ காரை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் அம்மாவை ப்துய்க்கு, உன் வீட்டுக்கே கூட்டிப்போக வேண்டும். காரணம் சொல்லாமல் கேட்டால் தப்பாக நினைப்பாய், ஆகவே சொல்லிவிடுகிறேன்.

வித்கா காலையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் உங்கள் அம்மாவும்தான். முப்பத்துநாலு வருஷமாக அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்கிறார் என்பது உனக்குத் தெரியும். மரியாதைக்குச் சொல்வது வேறு, வரி வசூலிக்க வந்தவனிடம் சொல்வது வேறு, இது இரண்டாவது. அதுவும் நேராகச் சொல்ல மாட்டார், அடுப்பைப் பார்த்து "காபி வேணும்னா அவங்களே போட்டுக்கலாம்" என்பார், நானும் அடுப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்வேன். இந்தத் தடவை இங்கே வந்ததிலிருந்து ஊரில் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார், கோட்டை பழசாம், ஆறு ஒல்லியாம், சந்தையில் முட்டைக்கோஸ் கூடச் சப்பையாம்.

பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரே பழக்கம், காலையில் டிராகன் பாலத்தில் நின்று வெளியூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது. சொந்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்வார்களோ என்று கதவுக்குப் பின்னால் நிற்கிறவன் மாதிரிதான் நிற்பேன். நாலு மூலையிலும் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சை டிராகன்களைப் பார்த்து "இவ்வளவுதானா" என்பார்கள் பாதிப் பேர், அன்று எனக்குச் சோறு இறங்காது. "அடேயப்பா" என்பார்கள் மீதிப் பேர். போன வாரம் ஒரு ஜப்பானிய அம்மாள் அதில் ஒன்றின் முன்னால் குனிந்து வணங்கிவிட்டே பாலத்தைத் தாண்டினார், நானும் அவருக்குப் பின்னால் குனிந்தேன். இவ்வளவு ஆசை இருந்தும் உங்கள் அம்மாவை மட்டும் அங்கே கூட்டிப்போகாமல் இருந்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். இந்த ஊரில் அந்த டிராகனுக்குப் பட்டப்பெயர் மாமியார்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அம்மாவோடு சந்தைக்குப் போக வழி அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது, மற்ற வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாலத்தில் கால் வைக்கும்போதே என்னோடு பஸ் ஓட்டிய சிரில் எதிரே வந்தான். தினமும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டான்.

"என்ன ஸ்லாவ்கோ, மாமியாரைப் பாக்க வந்தியா? இன்னிக்கு வாயை இன்னும் பெருசாத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கா பாரு."

உங்கள் அம்மா விளக்குக் கம்பத்தைப் பார்த்து, யாரைச் சொல்றாங்க என்று கேட்டார். பொய் சொல்ல நேரமில்லை, டிராகனைக் கை காட்டினேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே அதனிடம் போனார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ அதன் மார்பை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு சுற்றிச் சுற்றி வந்து இறக்கை சேரும் இடத்தைத் தடவினார். உன் அப்பாவோடு நாற்பது வருஷம் கோயில் கூரைகளுக்குச் செம்புத் தகடு அடித்த கை அல்லவா, அந்தக் கை ஒவ்வொரு மடிப்பையும் தேடித் தேடிப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆஸ்திரியாவின் கிராட்ஸிலிருந்து வந்த ஒரு ஆள், சிமெண்டு பொம்மைக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டான். உங்கள் அம்மாவுக்கு ஜெர்மன் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், இது சிமெண்டு இல்லை, வார்ப்பும் இல்லை, தகட்டைச் சூடாக்கிச் சூடாக்கிக் கையால் அடித்தது, இந்த ஒரு செதிலுக்கு எத்தனை அடி விழுந்திருக்கும் எண்ணிப் பார் என்று இருபது நிமிஷம் விடவில்லை. முப்பது பேர் கூடிவிட்டார்கள். முடிவில் அந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டு டிராகனைத் தொட்டுப் பார்த்தான். வேலைநாள் எல்லாம் அதைக் கடந்து பஸ் ஓட்டியவன் நான், ஒரு செதிலைக்கூடப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, எனக்கு வெட்கமில்லை.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். கம்பத்தை இல்லை, என்னை.

"ஸ்லாவ்கோ, நீ ஏண்டா இதை எனக்கு இத்தனை வருஷமாக் காட்டலை?"

நீ என்றார், மச்சான். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவை.

அதற்குப் பிறகு புதன் முழுக்க அவர் பாலத்தில்தான். நின்றபடியே இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் தின்கிறார், வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம். "இவ்வளவுதானா" என்றவனை விடுவதே இல்லை. மாமியாரே வந்து மாமியாரைப் பற்றிப் பேசுகிறார் என்று சிரில் ஊரெல்லாம் பரப்பிவிட்டான். முழங்கால் வீங்கியிருக்கிறது, நான் சொன்னால் கேட்கவில்லை, ஆகவேதான் வந்து கூட்டிப்போ என்கிறேன். வேறு காரணம் இல்லை.

உன் குழந்தைகளுக்கு என் ஆசி. ஆண்டவன் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்,
ஸ்லாவ்கோ

பி.கு.: உனக்கு இரண்டு வரி எழுதட்டும் என்று இந்தக் கடிதத்தை, மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்பதையே மறந்து, உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முழுவதும் படித்தார். மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்து, "உங்களுக்கு நான் பாரமாயிட்டேன்னா நேராச் சொல்லியிருக்கலாமே" என்றார். உங்களுக்கு என்றார், மச்சான். தயவுசெய்து சனிக்கிழமை வராதே. அந்த 'நீ' திரும்பி வரும்வரை நான் அவரை எங்கேயும் அனுப்புவதாக இல்லை.