போற கரண்ட்டு

ஈ.ஈ.ஈ. படித்தவனிடம் ஃபேன் ரிப்பேர் செய்யச் சொல்லக் கூடாது; வழி கேட்கவே கூடாது. நான் என்னிடமே வழி கேட்டவன்.

ஷீபா என் கிளாஸ்மேட். கோலார் தங்கவயல் பொண்ணு. தினமும் பாசஞ்சர் ரயிலில் பெங்களூர் வந்து, கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியவள். அவளுக்கு நாக்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் ஊருக்குப் பக்கத்து ஜங்ஷன் பங்காரப்பேட்டையில் ரயில் ஏறுகிறாள். அதற்குள் போய் ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லியாக வேண்டும். (நாலு வருஷமா என்ன பண்ணினே என்று கேட்காதீர்கள். அம்மா கேட்டாச்சு.)

பெங்களூரில் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. போனில் அரை உயிர். மாமாவின் ஸ்கூட்டரில் கோலார் தாண்டியதும் அதுவும் போனது, மேப்போடு சேர்த்து.

வேறு எவனாயிருந்தாலும் டீக்கடையில் கேட்டிருப்பான். நான் எஞ்சினியர் ஆச்சே! அண்ணாந்து பார்த்தேன். மின்சார டவர் வரிசை. ஷீபா அடிக்கடி பீற்றிக்கொள்வாள்: “காவிரிலேந்து எங்க சுரங்கத்துக்குதான்டா மொதல்ல லைன் இழுத்தாங்க. உங்க பெங்களூரு அப்பறம்தான்!” ஆக, லைனைப் பிடித்தால் அவள் ஊர். ஓரிடத்தில் இரண்டு லைன்கள் பிரிந்தன. ஒன்றில் பீங்கான் தட்டுகள் கொஞ்சம், இன்னொன்றில் நீளச் சரமாகத் தொங்கின. தட்டு அதிகமென்றால் வோல்டேஜ் அதிகம். பெரிய லைன் தங்கம் விளைந்த ஊருக்குத்தானே போகும்? (அப்போது இது லாஜிக்காகத் தெரிந்தது.)

லைன் ஏரி, பாறை எதையும் மதிக்காமல் நேராகப் போகும். ஸ்கூட்டர் போகாது. ஒரு தக்காளித் தோட்டத்துச் சேற்றில் சக்கரம் புதைந்தது.

“யாருப்பா அது, செடி மேல வண்டிய உடறது?” தக்காளி பறித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

“பங்காரப்பேட்டை இப்டிதானேக்கா?”

“அது உன் முதுகுப் பக்கம் கீது.”

“போனுக்காவது கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?”

“வூட்ல கரண்ட்டு இல்லியே.”

தலைக்கு மேல் கம்பிகள் வண்டுபோல ரீங்கரித்தன. “டவரே உங்க தோட்டத்துலதானேக்கா நிக்குது!”

“நிக்குது. ஆனா இது போற கரண்ட்டு. நமக்கு வர்ற கரண்ட்டு இல்ல.”

நான் பரீட்சையில் எழுதியதும் அதுதான். தூரம் போக வோல்டேஜை ஏற்ற வேண்டும், வழியில் சூடாகி வீணாகாமலிருக்க. வீட்டுக்குள் வர இறக்க வேண்டும். இறக்காவிட்டால் ஒரு பல்புக்கும் உதவாது. எங்கோ ரயில் கூவியது. நாலு வருஷமாக நெஞ்சில் ஏற்றியே வைத்திருந்ததை இறக்கத் தெரியாமல், கம்பிக்கடியில் நின்றேன்.

அக்கா திணித்த ஒரு பை தக்காளியோடு வீடு திரும்பி, போனுக்கு உயிர் வந்ததும் ஷீபாவைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா வரல? வண்டி கெளம்பற வரைக்கும் படிக்கட்டுலயே நின்னேன், தெரியுமா?”

இதோ, சொல்ல வேண்டிய இடம். நான் சொன்னேன்: “தக்காளி வாங்கப் போயிருந்தேன்.”

இப்போதும் வீட்டில் விளக்கு அணைந்தால் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: “டேய் எஞ்சினியரு, போற கரண்ட்டா, வர்ற கரண்ட்டா, பாத்துச் சொல்லு!” நாக்பூர் வரைக்கும் கதையை ஒலிபரப்பியதும் அம்மாதான்.

நேற்று ஷீபா போனில் சொன்னாள்: “என் ஆபீஸ் ஜன்னல்ல பெரிய லைன் ஒண்ணு தெரியுதுடா. தெக்காலதான் போவுது. தெனம் அதையேதான் பாத்துக்கினு இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீ அதப் புடிச்சிகினு வராத. டிக்கெட் எடுத்து வா.”