ஒரே கிலோமீட்டரில் பதினோரு வளைவுகள்

கோயம்புத்தூர்,
15.12.1997

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தம்பிதுரை அவர்களுக்கு, மச்சான் பாலுசாமி இரு கை கூப்பி எழுதுவது. இங்கு என் முதுகுவலி நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கு சுகமா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை. உங்கள் வீட்டு முன்னால் ரோடு இரண்டேகால் அடி உயரப்போகிறது, வாசலில் பத்து லோடு மண் கொட்டி மேடாக்கிக்கொள்ளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் என் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து கிராமத்து ரோடுகளுக்குக் கயிறு பிடித்தவன் நான். ரிட்டையரானதும் காந்திபுரத்தில் ஒரு ரோடு டிசைன் ஆபீஸில் வேலை கொடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். முதலில் வந்த வேலையே உங்கள் ஊர் ரோடுதான். இறங்கி வரும் ரோடு பள்ளத்தில் திரும்பி ஏறும் இடத்தை மடித்த காகிதம் மாதிரி விட்டுவிட்டால், பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் எழும்பிப்போய்க் கூரையில் முட்டுவார். அதற்காக அங்கே ஒரு வளைவு கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மூன்றே கேள்விதான் கேட்கும். இரண்டு சரிவும் எந்த இடத்தில் சந்திக்கின்றன, அங்கே மட்டம், அதாவது உயரம், என்ன, வளைவு எத்தனை மீட்டர் நீளம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இதைவிட அதிகம் கேட்பார்கள். சுலபம் என்றுதான் நினைத்தேன்.

சர்வே முடிந்த மறுநாளே உங்கள் ஊர் என் மேஜை முன்னால் வந்து நின்றது. பட்டறைக்கார அரங்கசாமி ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு வந்து, "ஏனுங்க ஓவர்சியரு, நம்ம பட்டறைக்கு முன்னால ஒரு சாண் எறக்கிப் போட்டீங்கன்னாப் போதுமுங்க" என்றார். அவர் இறங்கிப் போவதற்குள் காளியாத்தாளம்மா படியேறி, "மழைத்தண்ணி எங்க சோளக்காட்டுக்குள்ள வருது கண்ணு, ஒரு முழம் ஏத்திப்போடு" என்றார். முடியாது என்ற வார்த்தை நமக்கு வாயில் வராதே, மாப்பிள்ளை. எல்லோரிடமும் "செஞ்சுபோடலாமுங்க" என்றேன். சொன்ன சொல் தவறக்கூடாது என்று ஆளுக்கொரு வளைவும் போட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒரே கிலோமீட்டரில் பதினொன்று! ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பாதி, பின்னால் பாதி இடம் வேண்டும். பதினொன்றும் பங்காளிகள் போல ஒன்றின் வரப்பை ஒன்று வெட்டிக்கொண்டு நின்றன. முடியாது என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. பேச்சுக்கு ஒரு 'ங்க' கூட இல்லை. இந்த ஜில்லாவில் என் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்ன முதல் ஆள் அதுதான்.

எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் பிரவீனா என்ற பெண் எட்டிப் பார்த்து, "இதுல பஸ் உட்டா ஒட்டகத்து மேல போறாப்பல இருக்குமுங்க சார்" என்றாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தேன். பள்ளத்துக்குத் தொண்ணூறு மீட்டரில் ஒரே வளைவு வைத்தேன். அந்தப் பள்ளம் உங்கள் வீட்டு வாசல். வளைவு நீண்டால் பள்ளம் நிரம்பும், ரோடு உயரும். நீளத்தைக் குறைத்தும் பார்த்தேன். இருட்டில் வண்டி வெளிச்சம் போதிய தூரம் விழாது என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. நம் பிள்ளைகள் சுரேந்தரும் லோகப்பிரியாவும் டியூஷன் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிக் கடக்கும் இடம் அது. அதில் மட்டும் என்னால் சமாதானமாகப் போக முடியவில்லை. தெய்வாத்தாள் என் கூடப் பிறந்தவள். அவள் வீட்டுக்குள் தண்ணீர் போக நானே கோடு போட்டேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு வருவேன்? இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர் தாண்டிப்போக ரோட்டுக்கு அடியில் குழாய் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்களும் சீக்கிரம் மண் கொட்டிவிட்டால் எல்லாம் நேராகிவிடும்.

காரமடை ரங்கநாதர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் என் மேல் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும் மச்சான்,
பாலுசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஆபீஸுக்குத் தெய்வாத்தாள் போன் செய்தாள். "ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா அள்ளிக் கொட்டிக்கறனுங்ண்ணா. நீங்க பொங்கலுக்கு வராம மட்டும் இருந்துராதீங்க" என்றாள். ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். பிரவீனா பதறி ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். "நீளத்தையே புடிச்சு இழுத்துட்டு இருக்கீங்களே சார், சந்திக்கற எடத்து மட்டத்த எதுக்குங்க தரையிலயே வெச்சிருக்கீங்க? ரெண்டடி கீழ எறக்குங்க" என்றாள். "மண்ணுக்குள்ள ரோடு எப்படிப் போகும் அம்மணி?" என்று கேட்டேன். "அந்தப் புள்ளி மேல ஆருங்க சார் வண்டி ஓட்டப்போறாங்க? வளைவு மேலதானுங்க ஓட்டுவாங்க!" என்றாள். சரிவுகள் சந்திக்கும் புள்ளி கணக்குக்கு மட்டும்தான், ரோடு அதற்கு மேலேயே வளைந்து போய்விடும் என்பது முப்பது வருஷம் தரையில் குச்சி நட்டு மட்டம் பார்த்தவனுக்குத் தோன்றவே இல்லை. இறக்கினேன். இருபக்க மேட்டிலும் கொஞ்சம் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வளைவு அதே தொண்ணூறு மீட்டர், உங்கள் வாசலில் ரோடு உயர்வது வெறும் கால் அடி. கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. ஆகவே மாப்பிள்ளை, மண் வேண்டாம். ஏற்கெனவே கொட்டிவிட்டீர்கள் என்றால், பொங்கலுக்குச் சீரோடு ஒரு மம்பட்டியும் எடுத்து வருகிறேன்.