தங்கள் வீட்டின் தற்போதைய இருப்பிடம் குறித்து

லப்பாசெலி,
திங்கட்கிழமை.

மக்காஸர் நகரில் நல்ல தண்ணீரும் நல்ல சிக்னலுமாக வாழும் மரியாதைக்குரிய மாமா மப்பியாஸ்ஸே அவர்களுக்கு அக்காள் மகன் சக்கா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். அத்தையின் முழங்கால் தேவலை என்று நம்புகிறேன். மறைந்த உங்கள் பெரியம்மாவுக்கு மறுமையில் நல்ல இடம் கிடைத்திருக்கும். எழுபது வருடம் இந்த ஊரில் இருந்தவருக்கு வேறு தண்டனை தேவையில்லை.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு மல்லாந்து கிடக்கிறவன்தானே, பெரியம்மா விட்டுப்போன வீட்டையாவது போய்ப் பார்த்துக்கொண்டு வா என்று அனுப்பினீர்கள். அங்கே மனுஷன் குடியிருக்க முடியுமா, நிலம் விலை ஏறுமா, விற்றால் வாங்க ஆள் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டீர்கள். விற்றுக் கொடுத்தால் கடல் தாண்டி வேலை தேடிப் போக நுனுக்கானுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் சொன்னீர்கள். பதில்கள் வருமாறு: முடியாது. ஏறாது. மூன்றாவது கேள்விக்கு, போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பதில் இருந்தது.

முதலில் குடியிருப்பு. இங்கே அரிசி மில் ஓடினால் ஊருக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்தால் மில்காரன் தூங்குகிறான் என்று அர்த்தம். சிக்னல் வேண்டுமென்றால் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும், அங்கே எனக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கக்கூஸுக்குப் போகிறவனைக்கூட நிறுத்தி "எங்க போற, சாப்பிட்டியா?" என்று கேட்கிற ஊர் இது. பதில் சொல்லாமல் போனால் சாயங்காலத்துக்குள் நான் உடம்பு சரியில்லாமல் கிடக்கிறேன் என்று நாலு வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். நிலத்தின் லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். உங்கள் பத்திரத்தில் வடக்கு எல்லை ஒரு ஈரப்பலா மரம். அந்த மரம் விழுந்து பதினைந்து வருடம் ஆகிறது. "எல்லை எங்கே?" என்றால், விழுந்த மரத்தின் நிழல் எதுவரை வரும் என்று எல்லோரும் கை நீட்டிக் காட்டுகிறார்கள், ஆளுக்கொரு பக்கம். ஊரிலேயே நல்ல கட்டடங்கள் குருவிகளுக்குத்தான். உழவாரக் குருவி கூடு கட்டட்டும் என்று ஜன்னலே இல்லாமல் மூன்று மாடி சிமெண்ட் பெட்டி எழுப்பி, உள்ளே ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனத்துக்காரர்கள் சூப் வைத்துக் குடிப்பார்களாம். ஆக, எச்சில் துப்புகிற ஜந்துவுக்கு சிமெண்ட், மனுஷனுக்குத் தூண் மேல் நிற்கும் மர வீடு. ரியல் எஸ்டேட் நிலவரம் இவ்வளவுதான்.

ஆனாலும் வாங்க ஒரு ஆள் கிடைத்தார். ஹாஜி பலல்லோ, பக்கத்து டவுன், குருவிக்கூட்டு வியாபாரி. நான் வந்த மூன்றாம் நாளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்து, சாயங்காலம் குருவிக் கூட்டம் சரியாக நம் கூரை மேல் திரும்புகிறது என்று கண்டுபிடித்து, இந்த வீட்டையே குருவிக்கு விடலாம் என்று கணக்குப் போட்டு, "சனிக்கிழமை பேப்பரோட வரேன்" என்று சொல்லிப் போனார். நான் பெட்டியை எடுத்து மடித்த சட்டைகளை வைக்க ஆரம்பித்துவிட்டேன். என் வாய் அடங்கியிருந்தால் இந்நேரம் கப்பலில் இருப்பேன்.

நடந்தது இது. வியாழக்கிழமை ராவே அக்காவின் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி நம் ஜன்னலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதால் எனக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை. அந்த எரிச்சலில், "இந்த வீட்டை இந்த எடத்துல எவன் கொண்டு வச்சான்? மண்டையில மூளை இருக்கிறவன் வைப்பானா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஊர்த்தலைவர் தாஜங் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க வச்சா ஒனக்கு நல்லாருக்கும் தம்பி?"

"எங்க வச்சாலும் இதவிட நல்லாத்தான் இருக்கும். அதோ, அந்த வாய்க்கா ஓரத்துல வச்சாக்கூட."

"ஓ" என்றார். காபியைக் குடித்து முடித்துப் போய்விட்டார். மாமா, இந்த ஊரில் வீடு என்பது கட்டில் மாதிரி. பிடிக்காவிட்டால் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் வாயால் புலம்பினதை ஊர் கூடி விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளும் என்று எவனுக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு அடியில் மூங்கில் கட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஆட்டுக்குக் கொட்டகை போடுகிறார்கள் என்று புரண்டு படுத்தேன். ராவே அக்கா நாலு பெண்களோடு ஏறி வந்து தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் எடுத்துப் போனார். "விசேஷமா?" என்றேன். "ஆமா" என்றார். எடுத்துப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பத் தூங்கினேன். ஜும்மாவுக்கும் போகவில்லை, அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். தொழுகை முடிந்து ஒரு கூச்சல் கேட்டது. கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே பள்ளிவாசல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் இறங்கவில்லை மாமா, நான்தான் ஏறினேன். அடியில் எண்பது பேர், மூங்கிலுக்குத் தோள் கொடுத்து வீட்டைத் தூக்கிக்கொண்டு. லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டி "ஏய், நிறுத்துங்கடா!" என்று கத்தினேன்.

கீழே இருந்து தாஜங், "அவனே கொரல் குடுக்குறான், நல்லா தூக்குங்க!" என்றார்.

நான் கத்தக் கத்த வீடு வேகமாகப் போனது. அரிசி மூட்டை சாய்ந்து என் காலில் விழுந்தது. வாய்க்கால் ஓரத்தில் மெதுவாக, பீங்கானை வைக்கிற மாதிரி இறக்கி வைத்துவிட்டு எண்பது பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டுக்காரன் சாப்பாடு போட வேண்டும். பெரியம்மாவின் வாத்துகள் பதினொன்றும் அன்றைக்கே காலி. காரம் குறைச்சல் என்று குறை வேறு சொன்னார்கள்.

சனிக்கிழமை ஹாஜி பேப்பரோடு வந்தார். தூண் ஊன்றியிருந்த கற்களுக்கு நடுவில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"வீடு எங்க தம்பி?"

"அந்தப் பக்கம் போயிருக்கு ஹாஜி."

"எப்ப வரும்?"

வாய்க்கால் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு குருவிகூட இல்லை, கொசுதான் இருந்தது. "கொசுக்கூட்டை எவன்யா வாங்குவான்?" என்று மோட்டார் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நேராகத் தாஜங் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "யாரைக் கேட்டுத் தூக்குனீங்க?" என்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. "என்னப்பா, அங்கயும் ஒத்து வரலையா? சொல்ல வேண்டியதுதானே. வர்ற வெள்ளிக்கிழமை பழைய எடத்துலயே வச்சிருவோம்" என்றார். வீடு தூக்கினதில் அவர் வலது தோள் தேங்காய் மூடி மாதிரி உப்பியிருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் என்ன சண்டை போடுவது? திட்டினால்கூட அதையும் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது வைத்துவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை அதே எண்பது பேர் வந்தார்கள். ஒருத்தனாவது முணுமுணுப்பான் என்று பார்த்தேன். இல்லை. சும்மா நின்று வேடிக்கை பார்க்க வெட்கமாக இருந்ததால் நானும் ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் ஒருத்தர் மேல் ஒருத்தர் வழுக்கி, இனிமேல் ஒரு அடி நகராது என்று ஆனபோது வீடு ராவே அக்காவின் வாழைத் தோட்டத்துக்கு நடுவில் நின்றது. ஆறு வாழை நசுங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "இருக்கட்டும், வாழைய வேற எடத்துல வச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மா. என்னிடம் போட வாத்தும் இல்லை. அவர்களே அவரவர் வீட்டிலிருந்து மீனும் சோறும் கொண்டுவந்து, எனக்கும் ஒரு தட்டு போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புத்தி இருக்கிறவர்கள் செய்கிற காரியமா இது? சொத்து மதிப்பு தெரியாத, நேரத்தின் அருமை தெரியாத, தோளை வாடகை இல்லாமல் விடுகிற ஜனங்கள். இவர்களுக்கு நடுவில் நீங்கள் ஒரு மாதம் இருந்தால் உங்கள் வீடு, நிலம், வாத்து, நிம்மதி எதுவுமே வைத்த இடத்தில் இருக்காது.

ஆகவே என் முடிவு: விற்றுவிடுங்கள். வாழைத் தோட்டத்துக்கு மேல் குருவிகள் கொஞ்சம் வருகின்றன, ஹாஜியிடம் மறுபடி சொல்லியனுப்பியிருக்கிறேன். விலையில் இறங்க வேண்டாம். டிக்கெட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

அத்தைக்கு என் சலாம். சின்னப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல் ஆகாமல், இந்த ஊர்ப் பக்கமே வராமல் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
சக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹாஜி வந்தார். நீங்கள் சொன்ன விலைக்கே சம்மதித்தார். ஒரே நிபந்தனை: வீட்டைத் தன் டவுன் நிலத்துக்கு, குருவிகள் நிறைய இருக்கும் இடத்துக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஜன்னல்களை அடைத்துவிடப் போகிறாராம். பக்கத்தில் நின்ற தாஜங், "டவுனுக்கா? மூணு வெள்ளிக்கிழமை ஆகும், பரவாயில்ல, தூக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் ஹாஜியிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். ஊரைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். வீட்டில்தான் இருப்பேன்.